முதல் சைக்ளோகிராஸ் சீசனுக்கு எந்த டயர், எந்த வீல், எவ்வளவு காற்று?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், எடை 75 கிலோ, வரும் செப்டம்பரில் உள்ளூர் லீகில் முதல்முறையாக சைக்ளோகிராஸ், அதாவது குளிர்காலத்தில் புல்லிலும் சேற்றிலும் நடக்கும் சைக்கிள் ரேஸ், ஓட்டப் போகிறீர்கள். டிஸ்க் பிரேக் வைத்த அலுமினிய வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டீர்கள், அதில் 33 மி.மீ. டயர், உள்ளே டியூப். கிளப்பில் ஒருவர் டியூபுலர் (ரிம்மோடு ஒட்டும் டயர்) இல்லாமல் வராதே என்கிறார், இன்னொருவர் கார்பன் வீல் வாங்கச் சொல்கிறார், ஏதோ வீடியோவில் டயரில் காற்றழுத்தம் 18 பிஎஸ்ஐ போதும் என்றார்கள். எதைக் கேட்பது என்று குழம்பி எழுதியிருக்கிறீர்கள். டயர், வீல், காற்று என்று மூன்றாகக் கேட்டிருந்தாலும், கையில் இருக்கும் பணத்தை எதில் போட்டால் ரேஸில் பலன் தெரியும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பல வருடமாக சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவன். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டரன்ஸ் என்ற மூத்தவர்கள் பிரிவில் ஓட்டுவேன், என் ரேஸ் முடிந்ததும் மற்றவர்களுக்காக பிட்டில், அதாவது ரேஸ் நடுவே வண்டியோ வீலோ மாற்றும் இடத்தில், நிற்பேன். அந்த அனுபவத்திலிருந்து சுருக்கமான பதில்: முதலில் காற்று, அதை அளக்க நல்ல கேஜ் ஒன்று, அடுத்தது முன் டயர், அப்புறம் டியூப்லெஸுக்கு மாறுவது, வீல் எல்லாவற்றுக்கும் கடைசி. பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வீல் வாங்கிவிட்டு அதில் ரோடு சைக்கிளுக்கு அடிப்பதுபோல் காற்றை அடித்துக்கொண்டு வருவார்கள், முதல் புல் சரிவிலேயே விழுவார்கள்.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன் மேல் விழும் எடையை உள்ளே இருக்கும் அழுத்தத்தால் வகுத்தால் வருவதற்கு ஏறத்தாழ சமம். வண்டியோடு சேர்த்து 85 கிலோ என்று வைத்தால் பின் சக்கரத்தில் 47 கிலோ அளவுக்கு விழும். 35 பிஎஸ்ஐயில் அது 19 சதுர செ.மீ. பரப்பில் நிற்கிறது, 25 பிஎஸ்ஐயில் 27 சதுர செ.மீ. டயரின் சொந்த விறைப்பால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் திசை மாறாது. ஈரப் புல்லில் இந்த எட்டு சதுர செ.மீ.தான் நீங்கள் வளைவில் நிற்கிறீர்களா வழுக்குகிறீர்களா என்பதை முடிவு செய்கிறது. அதோடு, தார் ரோட்டில் காற்று அதிகமானால் வண்டி வேகமாக ஓடும் என்று நமக்குப் பழகிப்போன எண்ணம் மேடும் பள்ளமுமான வயலில் செல்லாது. விறைத்த டயர் ஒவ்வொரு புல் கட்டியிலும் வண்டியையும் உங்களையும் சேர்த்து மேலே தூக்குகிறது, அப்படித் தூக்குவதற்கான சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. மெத்தென்ற டயர் அந்தக் கட்டியைத் தனக்குள் வாங்கிக்கொண்டு போய்விடும். இது நான் உறுதியாகச் சொல்லும் விஷயம், இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்படியானால் 18 பிஎஸ்ஐ ஏன் வேண்டாம்? காற்றைக் குறைத்துக்கொண்டே போனால் மூன்று விஷயங்களில் ஒன்று உங்களைப் பிடிக்கும். முதலாவது, வேரிலோ கல்லிலோ மோதும்போது டயர் முழுக்க நசுங்கி ரிம்மே அடிவாங்கும். உள்ளே டியூப் இருந்தால் அது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். இரண்டாவது, டியூப்லெஸாக இருந்தால் வளைவில் பக்கவாட்டு விசை டயரின் ஓரத்தை, அதாவது பீட் என்ற பகுதியை, ரிம்மிலிருந்து ஒரு நொடி விலக்கிவிடும். புஸ்ஸென்று ஒரு சத்தம், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலண்ட் திரவம் ரிம் ஓரத்தில் வெள்ளையாகத் தெறித்திருக்கும், ஐந்தாறு பிஎஸ்ஐ போயிருக்கும். மூன்றாவது, எந்த வகை டயராக இருந்தாலும் பக்கச் சுவர் மடிய ஆரம்பிக்கும். நீங்கள் ஹேண்டிலைத் திருப்பிய பிறகு ஒரு கணம் கழித்துத்தான் வண்டி திரும்பும், முன் சக்கரம் யாரோ இழுப்பதுபோல் நெளியும். இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுதான் உங்கள் அடிமட்டம். டியூப் டயருக்கு முதல் பிரச்சினை சீக்கிரமே வந்துவிடும், டியூப்லெஸுக்கு இரண்டாவது. டியூபுலர் என்பது டியூபை உள்ளே வைத்துத் தைத்து ரிம்மோடு ஒட்டும் டயர். அதில் விலகுவதற்கு பீடும் கிடையாது, ரிம்மின் விளிம்பும் கூர்மையாக இருக்காது. அதனால்தான் பெல்ஜியத்துப் புரொஃபஷனல்களால் சேற்றில் அவ்வளவு குறைந்த காற்றில் ஓட்ட முடிகிறது. அவர்களில் பலருக்கு எடையும் குறைவு, ஒவ்வொரு வேரிலும் வண்டியைத் தூக்கிவிடும் திறமையும் உண்டு, பிட்டில் கழுவித் துடைத்த இன்னொரு வண்டியோடு மெக்கானிக் காத்திருப்பார். அந்த எண் அவர்களுடைய சூழ்நிலைக்கு உரியது. அவர்களுக்கே அது எப்போதும் கைகொடுப்பதில்லை. 2017 உலக சாம்பியன்ஷிப் லக்சம்பர்க்கில் பீலஸ் என்ற ஊரில் நடந்தபோது, உறைந்திருந்த மண் இளகிக் கூரான கற்கள் வெளியே வந்துவிட்டன. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் பூல் திரும்பத் திரும்ப பஞ்சராகி, பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட் ஜெயித்தார். உலகத்திலேயே நல்ல கைவினை டியூபுலர்கள் கிடைக்கும் ஆட்களுக்கு நடந்தது இது.

சரி, எண்ணுக்கு வருகிறேன். 33 மி.மீ. டயர், 75 கிலோ ஆள், சாதாரண ஈரப் புல்லும் மண்ணும் கலந்த ட்ராக் என்றால் நான் தொடங்கச் சொல்வது: டியூப் போட்டிருந்தால் முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐ. டியூப்லெஸ் என்றால் முன்னால் 24, பின்னால் 26 அல்லது 27. டியூபுலர் என்றால் 21, 23. ஆளின் எடை பத்து கிலோ கூடினால் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்ளலாம், குறைந்தால் அதேபோல் இறக்கலாம். முழுச் சேறாக இருந்தால் இரண்டு குறைப்பேன், ஆழமான மணல் இருந்தால் இன்னும் கொஞ்சம். தரை இறுகி உறைந்து கிடந்தாலோ வேரும் கல்லும் நிறைய இருந்தாலோ இரண்டு மூன்று கூட்டுவேன். இவை ஆரம்பப் புள்ளிகள் மட்டும்தான். நீங்கள் ஓட்டுவதை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தபடியே எல்லாவற்றிலும் மோதிக்கொண்டு போகிறவருக்கும், முழங்கையும் முழங்காலும் மடக்கி வண்டியைத் தனக்குக் கீழே ஆடவிடுகிறவருக்கும், ஒரே எடையில் மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் வரும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் வகைதான், அதனால் முதல் இரண்டு ரேஸுக்கு மேலே சொன்னதைவிட ஒன்று கூட்டியே வையுங்கள்.

இந்த எண்களெல்லாம் உங்கள் கேஜ் சரியாகக் காட்டினால்தான் பொருள்படும். தரையில் வைத்து அடிக்கும் பம்பில் 160 பிஎஸ்ஐ வரை போகும் முள் இருக்கிறது பாருங்கள், அது 20-க்கும் 30-க்கும் நடுவில் சொல்வதை நம்பவே முடியாது. அந்த மாதிரி கேஜ்களில் வரக்கூடிய பிழை அதன் முழு அளவில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. 160-இல் இரண்டு சதவீதம் என்றாலே மூன்று பிஎஸ்ஐக்கு மேல் ஆகிவிட்டது. நாம் பேசிக்கொண்டிருப்பதோ ஒரு பிஎஸ்ஐ, ஒன்றரை பிஎஸ்ஐ வித்தியாசத்தைப் பற்றி. 30 அல்லது 60 வரை மட்டும் காட்டும், காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்ற ஒரு பொத்தான் வைத்த தனி கேஜ் கிடைக்கிறது. ஒரு டயர் விலையைவிடக் குறைவு. அது துல்லியமானதா என்பதுகூட இரண்டாம்பட்சம், எப்போதும் அதே ஒன்றையே பயன்படுத்துங்கள். உங்கள் கேஜில் 25 என்பது நண்பர் கேஜில் 27 ஆக இருக்கலாம், அதனால் ஒன்றும் மோசமில்லை. போன வாரம் உங்கள் கேஜில் எது சரியாக இருந்தது என்று தெரிந்தால் போதும்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு விஷயம் குளிர். வீட்டுக்குள் 20 டிகிரியில் 25 பிஎஸ்ஐ அடித்து வைத்துவிட்டு, காலையில் 2 டிகிரி இருக்கும் மைதானத்துக்குப் போனால், ஒரு துளி காற்றும் கசியாமலே 22 அல்லது 23 ஆகியிருக்கும். வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். அதனால் வீட்டில் நாலைந்து பிஎஸ்ஐ கூடவே வைத்துக்கொண்டு போய், வண்டியைக் காரிலிருந்து இறக்கி ஒரு கால் மணி நேரம் வெளியே நிறுத்திய பிறகு அங்கே இறக்குங்கள்.

மைதானத்தில் நான் செய்வது இதுதான். ரேஸுக்கு முன்னால் பழகுவதற்கு நேரம் கொடுப்பார்கள். முதல் சுற்று மெதுவாக, மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக வைத்துக்கொண்டு, எங்கே வேர் இருக்கிறது, எங்கே நடைபாதையின் கான்கிரீட் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு. அப்புறம் அந்த ட்ராக்கிலேயே மோசமான ஒரு சரிவை எடுத்துக்கொள்வேன்: குறுக்காகச் சாய்ந்த புல் மேடு, வண்டி கீழ்ப்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும் இடம். அதை ரேஸ் வேகத்தில் கடப்பேன். பின் சக்கரம் புல்லைச் சீவிக்கொண்டு அரை அடி கீழே இறங்கினால் ஓரமாக நிறுத்தி இரண்டு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அதே இடம், அதே வேகம். ஒரு கட்டத்தில் டயரின் மேல் புடைத்திருக்கும் பட்டன்கள் புல்லுக்குள் இறங்கிப் பிடிப்பது கையில் தெரியும், வண்டி போட்ட கோட்டிலேயே போகும். இன்னொரு ஒன்று இறக்கினால் முன்பக்கம் நெளிய ஆரம்பிக்கும். அப்போது ஒன்று மேலே ஏற்றிவிட்டு, வேர் இருக்கும் இடத்தை முழு வேகத்தில் ஒருமுறை கடந்து பார்ப்பேன். ரிம் இலேசாகத் தொட்டதுபோல் ஒரு 'டொக்' கேட்டால் பரவாயில்லை, சுற்றுக்கு ஒருமுறை கேட்கலாம். 'டங்' என்று உலோகச் சத்தம் வந்தால் பின்னால் ஒன்று கூட்டவேண்டும். டியூப் வைத்திருப்பவர்கள் அந்த 'டொக்'கையும் அனுமதிக்கக்கூடாது. இதற்கு மொத்தம் இருபது நிமிடம்தான் ஆகும், ஆனால் அந்த இருபது நிமிடம் கொடுக்கும் பலனை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முடிந்ததும் எண்ணையும் தரையின் நிலையையும் போனில் குறித்து வையுங்கள். ஒரு சீசன் முடிவதற்குள் உங்களுக்கென்றே ஒரு அட்டவணை சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு என்னைப் போன்றவர்களிடம் கேட்கவேண்டிய அவசியம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. அமெச்சூர் பிரிவுகள் காலையில், பெரிய ரேஸ் மதியத்துக்கு மேல். டிசம்பரில் காலை பத்து மணிக்கு வாய்க்கால் மாதிரி உறைந்து இறுகிக் கிடக்கும் சக்கரத் தடங்கள் இரண்டு மணிக்குக் கூழாகியிருக்கும். மதியம் ஜெயித்தவர் எந்த டயர் போட்டார், எவ்வளவு காற்று வைத்தார் என்பது உங்கள் ரேஸுக்கு உதவாது.

இப்போது டயர். பெயர்கள் வருடா வருடம் மாறும், உருவத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நடுவில் பொடிப் பொடியாக அரம்போல் இருந்து ஓரத்தில் மட்டும் பட்டன் இருப்பது காய்ந்த தரைக்கு. நடுவிலும் ஓரத்திலும் நடுத்தர உயரத்தில் பட்டன், நடுவே ஓரளவு இடைவெளி, இது எல்லாவற்றுக்கும் பொதுவானது. சேலஞ்ச் க்ரிஃபோ, ஷ்வால்பே எக்ஸ்-ஒன் ஆல்ரவுண்ட் போன்றவை இந்த ரகம். உயரமான பட்டன்கள் தள்ளித் தள்ளி நிற்பது சேற்றுக்கு. சேலஞ்ச் லைமஸ், எக்ஸ்-ஒன் பைட், டூகாஸ்ட் ரைனோ எல்லாம் அந்தக் குடும்பம். ஒரே ஒரு ஜோடி வாங்க முடியும் என்றால் இங்கிலாந்தில் எதை வாங்குவது? அக்டோபர் பாதிவரை பொது ரகம் போதும், அதற்குப் பிறகு இங்கே தரை காய்வதே இல்லை. எனவே ஒரு ஜோடிக்காரருக்கு என் பதில் சேற்று டயர்தான். காய்ந்த தரையில் சேற்று டயர் கொஞ்சம் மந்தமாக ஓடும், அவ்வளவே. சேற்றில் காய்ந்த தரை டயரோடு போனால் நீங்கள் ஓட்டவே மாட்டீர்கள், தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். இரண்டு டயர் வேறு வேறாகப் போடலாமா என்றால் தாராளமாக, ஆனால் பிடிப்பு அதிகமானது முன்னால். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் அடுத்த நொடி தோள்பட்டை தரையில் இருக்கும்.

சேறு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் தண்ணீர் நிறையக் கலந்த குழம்புச் சேறும் களிமண்ணும் வேறு வேறு. குழம்புச் சேறு டயரிலிருந்து தானே தெறித்துவிடும், அங்கே பட்டன் கீழே இருக்கும் கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். லண்டனைச் சுற்றியும் கென்ட், சசெக்ஸ் பக்கத்து வீல்ட் பகுதியிலும் இருக்கும் களிமண் அப்படி இல்லை. மழை நின்று இரண்டு நாள் ஆகிப் பாதி காய்ந்த நிலையில்தான் அது மிக மோசம்: டயரில் ஒட்டி, மேலே புல்லும் இலையும் ஒட்டி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரமே சுற்றாது. அந்த மண்ணில் அகலமான டயர் போடக்கூடாது, பட்டன்களின் நடுவே இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம். நார்த் டவுன்ஸ், சில்டர்ன்ஸ் மாதிரி சுண்ணாம்புக் குன்றுப் பக்கம் போனால் பிரச்சினை வேறு. அங்கே மண்ணில் ஃப்ளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல் கிடக்கும், உடைந்தால் பிளேடு மாதிரி விளிம்பு. மெல்லிய பருத்திச் சுவர் வைத்த விலை உயர்ந்த டயரை அது ஒரே சுற்றில் கிழித்துவிடும். அந்த மாதிரி இடங்களுக்குப் பக்கச் சுவர் தடித்த ரகமே மேல், கொஞ்சம் கனமாக இருந்தாலும்.

டயரின் அகலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 33 மி.மீ. என்பது உலக சைக்கிள் சங்கமான யூசிஐ தன் போட்டிகளுக்கு வைத்த வரம்பு. உள்ளூர் அமெச்சூர் ரேஸ்களில் பொதுவாக யாரும் அளப்பதில்லை, பல இடங்களில் மவுண்டன் பைக்கையே விடுகிறார்கள், ஆனாலும் உங்கள் லீகின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். அனுமதி இருந்தால் காய்ந்த, குலுங்கும் ட்ராக்கில் 36, 38 மி.மீ. டயர் உண்மையிலேயே சுகம், புதியவருக்கு இன்னும் நல்லது. அதற்கு மேலே சொன்ன எண்ணிலிருந்து இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைக்கவும் முடியும். ஆழமான சேற்றில் நிலைமை மாறும்: குறுகிய டயர் மேல் அடுக்கைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும், அகலமானது மேலேயே மிதந்து வழுக்கும். மணலில் மிதப்பதுதான் வேண்டும். இன்னொன்று, உட்புற அகலம் 23 மி.மீ. இருக்கும் புது ரிம்மில் 33 என்று அச்சிட்ட டயர் 34, 35 வரை விரியக்கூடும். ஃப்ரேமில் இடம் இருக்கிறதா என்று டயரைப் போட்ட பிறகு பாருங்கள். இரண்டு பக்கமும் ஆறு மி.மீ.யாவது இல்லையென்றால் நவம்பரில் வருந்துவீர்கள்.

டியூபுலரா டியூப்லெஸா என்ற சண்டையில் என் நிலைப்பாடு இது. ஓட்டும்போது கிடைக்கும் உணர்வில் நல்ல பருத்தி டியூபுலருக்கு நிகர் இன்னும் வரவில்லை. குறைந்த காற்றிலும் அது மடியாது, பஞ்சரானாலும் ரிம்மை விட்டுக் கழலாது, அப்படியே உருட்டிக்கொண்டு பிட் வரை வரலாம். இவ்வளவு சொன்ன பிறகும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சைக்ளோகிராஸுக்கு டியூபுலர் ஒட்டுவது ரோடு சைக்கிளுக்கு ஒட்டுவதுபோல் இல்லை. குறைந்த காற்றில் டயர் ரிம்மை அழுத்திப் பிடிக்காது, முழுப் பொறுப்பும் பசையின் மேல். ரிம்மிலும் டயரிலும் மெல்லிசாகப் பல பூச்சு, ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள், நடுவில் பசைத் துணி டேப், கடைசியில் டயரை இழுத்து உட்கார வைத்து மறுபடி ஒரு நாள். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம். அதன் பிறகு வாரா வாரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது ஓரத்தில் ஈரம் புகுந்து பசை விட ஆரம்பிக்கும், பருத்தி மக்கும். தரை மாறினால் டயர் மாற்ற முடியாது, வீலையே மாற்றவேண்டும். அதாவது இரண்டு மூன்று ஜோடி வீல் இருப்பவர்களுக்கான ஏற்பாடு அது. ஒரே ஜோடி வீல் வைத்திருக்கும் அமெச்சூருக்கு டியூப்லெஸ்தான், இதில் ஒர்க்‌ஷாப்பில் என்னோடு இருப்பவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

டியூப்லெஸுக்கு மாறுவதற்கு முன் உங்கள் ரிம் அதற்கென்று செய்யப்பட்டதா என்று பார்க்கவேண்டும். டயரைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஓரத்திலும் பீட் உட்கார ஒரு திட்டும், அதை அடுத்து உள்பக்கம் சிறு வரம்பும் தெரியும். அந்த வரம்பு இல்லாத பழைய ரிம்மில் டேப் சுற்றி சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். தார் ரோட்டில் வேண்டுமானால் சமாளிக்கலாம், 25 பிஎஸ்ஐயில் புல் சரிவில் அது கட்டாயம் காற்றை விடும். டயரிலும் டியூப்லெஸ் என்று எழுதியிருக்கவேண்டும். 33 மி.மீ. டயருக்கு 60 மி.லி. சீலண்ட் ஊற்றுங்கள், இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், எனவே சீசன் நடுவில் ஒருமுறை திறந்து பார்த்து நிரப்பவேண்டும். பொருத்திய பிறகு, ரேஸ் காற்றைவிட இரண்டு பிஎஸ்ஐ குறைவாக வைத்து, சக்கரத்தைச் சுவரில் சாய்த்து இரண்டு கட்டைவிரலாலும் டயரின் பக்கச் சுவரை உள்ளே தள்ளிப் பாருங்கள். பீட் நகர்ந்தாலோ காற்று சீறினாலோ அந்த டயரும் அந்த ரிம்மும் ஒத்துப்போகவில்லை. வேறு டயர் பாருங்கள், கூடுதல் டேப் ஒரு சுற்று சுற்றினாலும் சில சமயம் சரியாகும். உங்கள் ரிம் டியூப்லெஸுக்கு ஒத்துவராது என்றால் முதல் சீசனை டியூபோடே ஓட்டலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. லேடெக்ஸ் டியூப் போட்டால் இரண்டு பிஎஸ்ஐ இறக்கலாம், ஏனென்றால் அது நன்றாக நீண்டுகொடுக்கும், அவ்வளவு சீக்கிரம் கடிபடாது. ஒரே இரவில் காற்று இறங்கிவிடும் என்பதால் ரேஸ் அன்று காலையில் மறுபடி அடிக்கவேண்டும்.

வீல் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடிவது குறைவு. கார்பன் ரிம் எடை குறைவு, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று கிளம்பும் ரேஸில் அது உதவும் என்பார்கள். எடை குறைந்தால் நல்லதுதான், ஆனால் ஈரக் களிமண் அரைக் கிலோ ஒட்டிக்கொண்ட வண்டியில் ரிம்மில் மிச்சமான நூறு கிராமை என்னால் உணர முடிந்ததில்லை. உயரமான ரிம் சேற்றையும் மணலையும் அறுத்துக்கொண்டு போகும் என்று ஒரு வாதம் உண்டு. ஸ்போக்கும் நிப்பிளும் சேற்றுக்கு மேலே இருப்பதால் அழுக்கு குறைவாகச் சேர்கிறது என்பதை பிட்டில் கழுவும்போது பார்த்திருக்கிறேன், வேகத்தில் வித்தியாசம் உண்டா என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். அலுமினிய ரிம் கல்லில் அடிபட்டால் நெளியும், நெளிந்ததை ஓரளவு நிமிர்த்திப் பெண்டு எடுத்து சீசனை முடிக்கலாம். கார்பன் விரிசல் விட்டால் அதோடு சரி. உங்கள் முதல் சீசனுக்கு இப்போதிருக்கும் அலுமினிய வீல் போதும். பேரிங் சொரசொரவென்று இல்லாமல் சுற்றுகிறதா, ஸ்போக் எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீலுக்கென்று பணம் ஒதுக்கியே தீருவேன் என்றால், விலை உயர்ந்த ஒரு ஜோடிக்குப் பதில் இப்போதிருப்பது போலவே இன்னொரு சாதாரண ஜோடி வாங்குங்கள். ஒன்றில் பொது டயர், ஒன்றில் சேற்று டயர். போடாத ஜோடியை பிட்டில் வைத்துவிட்டால் பஞ்சரானாலும் ரேஸ் முடிந்துபோகாது. இதில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் பிரேக் டிஸ்க். ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, வேறு கம்பெனி என்றால் டிஸ்க் நிற்கும் இடம் அரை மி.மீ. தள்ளிப்போகும், அவசரத்தில் வீலை மாற்றிக்கொண்டு கிளம்பினால் பிரேக் உரசிக்கொண்டே வரும். அதே ஹப் வாங்குங்கள், முடியாவிட்டால் டிஸ்க்குக்கு அடியில் மெல்லிய ஷிம் வளையம் வைத்து வீட்டிலேயே சரிசெய்து வையுங்கள். பின் வீலில் பல்சக்கரத்தின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கியர் குதிக்கும். ஆக்ஸில் கழற்ற அறுகோணச் சாவி தேவையென்றால் அதையும் பிட் வீலோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத ஒரு ரேஸும் இருக்கிறது, யாராவது உங்களை அதற்கு இழுத்துக்கொண்டு போகக்கூடும் என்பதால் சொல்கிறேன்: யார்க்‌ஷயரில் 1961-லிருந்து நடக்கும் த்ரீ பீக்ஸ். மூன்று மலையேறி இறங்குவது, பாதை முழுக்கக் கல். அங்கே இந்தக் காற்றோடு போனால் முதல் இறக்கத்திலேயே ரிம் போய்விடும். தடித்த டயர் போட்டு, வயலில் வைப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காற்று அடிப்பார்கள்.

ஆக உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த மாதம் கேஜ் ஒன்று வாங்குவேன், ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா என்று பார்ப்பேன், ஏற்றதென்றால் டேப், வால்வ், சீலண்ட், இரண்டு டியூப்லெஸ் டயர்: முன்னால் சேற்று ரகம், பின்னால் பொது ரகம். நவம்பரில் பின்னாலும் சேற்று டயர். மிச்சப் பணத்தை ரேஸ் கட்டணத்துக்கும் இரண்டாவது ஜோடி வீலுக்கும் வைத்துக்கொள்வேன். ரேஸ் முடிந்து வண்டியைக் கழுவும்போது ஹப் பக்கமும் டயரின் ஓரப் பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். காய்ந்த பிறகு டயரின் பக்கச் சுவரை ஒரு சுற்று விரலால் தடவிப் பாருங்கள், வெட்டு இருந்தால் அடுத்த ஞாயிறுக்கு முன்பே தெரிந்துவிடும். உங்கள் ரிம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு படம் போட்டால், டியூப்லெஸுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துச் சொல்கிறேன்.